பவளப்பாறை வெளுப்பது வெயிலாலா, நோயாலா?

குடியாத்தத்தில் அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "மே மாதம் மாணவர்களுடன் ராமநாதபுரம் கரையில் கண்ணாடித் தளப் படகில் போனோம். கீழே பவளப்பாறைகள் திட்டுத் திட்டாக வெள்ளையாக இருந்தன. படகுக்காரர் வெயில் என்றார், கூட வந்தவர் நோய் என்றார். எது சரி? ஹவாய், கரீபியன் தீவுகளின் விரிகுடாக்களில் பவள நோய் மிகுதி என்று படித்தேன், அது ஏன்? இதற்கு மருந்து உண்டா? கடலே இல்லாத ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய?"

மே மாதம் என்பதால் படகுக்காரர் சொன்னதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் கூட வந்தவரும் முழுக்கத் தவறு இல்லை. வெப்பத்தால் வெளிறித் தளர்ந்துபோன பவளத்தைத்தான் பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில் நோய் பிடிக்கிறது. கரீபியனில் அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளில் 2005-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. நீர் குளிர்ந்ததும் பல பவளங்கள் நிறம் திரும்பின, எல்லோரும் மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகுதான் நோய் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே உயிருள்ள பவளப் பரப்பில் சுமார் 60 சதவீதம் போய்விட்டது. அழிவில் பெரும்பங்கு வெளிறலைவிடப் பின்னால் வந்த நோயுடையது.

முதலில் வெளிறல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பவளம் ஒரு விலங்கு. சில மில்லிமீட்டரே இருக்கும் உடல்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தமக்குக் கீழே சுண்ணாம்பைப் படிய வைத்துக்கொண்டே போகின்றன. அந்த உடல்களின் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரைகூட இந்தப் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தருவதுதான். நிறமும் பெரும்பாலும் அவற்றுடையதே. நீரின் வெப்பம் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தை ஒரு டிகிரி தாண்டிச் சில வாரம் நின்றால், பாசிகளின் ஒளிச்சேர்க்கை கெட்டு நச்சு ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற திசு வழியாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது.

அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரியில் வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நமக்கு ஒரு டிகிரி என்பது கணக்கிலேயே வராது. கடல்நீர் அப்படி ஏறி இறங்குவதில்லை. அதில் வாழ்கிற உயிர்கள் தம் எல்லைக்கு ஒட்டியே வாழ்கின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் வெறும் டிகிரியைப் பார்க்காமல், எத்தனை டிகிரி அதிகம், எத்தனை வாரம் என்று பெருக்கிக் கூட்டிக் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை 4-ஐத் தொட்டால் குறிப்பிடத்தக்க வெளிறல் வரும், 8-ஐத் தொட்டால் சாவு தொடங்கும் என்பது அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் அளவுகோல்.

வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. திசு அப்படியே இருக்கிறது, பட்டினியில் இருக்கிறது, அவ்வளவுதான். நீர் குளிர்ந்தால் பாசிகள் மீண்டும் பெருகும். ஊர் ஊராக நோயாளிகள் வந்து இறங்கும் வேலூரில் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: வெளிறல் காய்ச்சலைப் போன்றது, உடம்பு தாங்கவில்லை என்று காட்டுகிறது. பவள நோய் என்பது திசுவையே தின்றுகொண்டு போவது.

இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியும், கொஞ்சம் பக்கத்தில் போனால். வெளிறலில் வெண்மை பரவலாக இருக்கும். மேல்பக்கம், வெயில் படுகிற பக்கம் முதலில் வெளுக்கும், ஓரம் மங்கலாக நிறத்தோடு கலந்திருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு குழியிலும் சின்ன உடல் அசைவது தெரியும். நோயில் கோடு கிழித்த மாதிரி எல்லை இருக்கும். ஒரு பக்கம் நல்ல நிறம், மறுபக்கம் மொட்டைச் சுண்ணாம்பு, நடுவே ஒரு பட்டை அல்லது கூரான விளிம்பு. அந்த மொட்டைச் சுண்ணாம்பும் வெகுநாள் வெள்ளையாக இருக்காது. சில நாளில் பாசி ஏறி மஞ்சள் பச்சையாகி, பிறகு பழுப்பாகிவிடும். எனவே வெள்ளைப் பகுதியின் அகலத்தையும் அதற்குப் பின்னால் உள்ள பாசியின் நிறத்தையும் பார்த்து நோய் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று ஒருவாறு ஊகிக்கலாம்.

ஏமாற்றும் சங்கதிகளும் உண்டு. ஒரு வகைச் சிறு நத்தை பவளத்தின் அடிக்கிளையிலிருந்து மேய்ந்துகொண்டு போகும். வடு வெள்ளையாக இருக்கும், ஆனால் அடியில் நத்தைகள் கொத்தாக ஒளிந்திருக்கும். முட்கிரீட நட்சத்திர மீன் ஒரே இரவில் சாப்பாட்டுத் தட்டு அளவு வெள்ளை வட்டம் போட்டுவிடும். கிளி மீன் கடித்தால் சுண்ணாம்பிலேயே பள்ளம் விழும். பெரும்பாலான நோய்களில் திசு மட்டுமே போகும், சுண்ணாம்பு சேதப்படாது. கண்ணாடித் தளப் படகிலிருந்து இத்தனையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நோய்களில் முதலில் விவரிக்கப்பட்டது கருப்புப் பட்டை நோய். 1970-களின் தொடக்கத்தில் கரீபியன் பகுதியில் கண்டுபிடித்தார்கள். உருண்டையான பவளத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெல்வெட்டு போன்ற கறுப்பு வளையம், அதற்கு உள்ளே பளிச்சென்ற வெள்ளை, வெளியே இன்னும் உயிருள்ள திசு. வளையம் நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக நகரும், வேகமான நாளில் ஒரு சென்டிமீட்டர்கூட. அதைச் சின்னக் கிடுக்கியால் பிடித்துத் தூக்கினால் மெல்லிய பாயாக உரிந்து வரும். நீலப்பச்சைப் பாக்டீரியா இழைகளால் பின்னிய பாய் அது. மேலே கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியா, அடியில் சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியா. பாயின் அடியில் ஆக்சிஜன் கிடையாது, அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கிக் கிடக்கும். அந்த நஞ்சில்தான் பவளத் திசு சாகிறது. இங்கே ஒற்றைக் கிருமி என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஒரு கூட்டமே சேர்ந்து செய்கிற வேலை. பவள நோய்களை ஆராய்வதில் இருக்கிற பெரிய சிக்கலும் இதுதான். கிருமியைப் பிரித்து வளர்த்து, நல்ல உயிருக்குள் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்க்கும் மருத்துவ நிரூபணம் மிகச் சில பவள நோய்களில்தான் கைகூடியிருக்கிறது.

அப்படிக் கைகூடியதில் ஒன்று நம்மைச் சங்கடப்படுத்தும். ஃபுளோரிடாவின் தெற்குத் தீவுகளில் மான்கொம்பு போல அகலக் கிளை விடும் ஒரு பவளத்தில் வெள்ளை அம்மை என்று ஒரு நோய் பரவியது. அதிலிருந்து எடுத்த கிருமி செராஷியா மார்செசன்ஸ். ஆஸ்பத்திரித் தொற்றுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் பழகிய பெயர். மனிதக் கழிவுநீரிலிருந்து பிரித்த அதே வகைக் கிருமியைப் பவளத்தில் ஏற்றியபோது நோய் வந்தது என்று 2011-இல் நிரூபித்தார்கள். எல்லா வெள்ளை அம்மைக்கும் அதுவே காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனாலும் மனிதக் குடலிலிருந்து கடல் விலங்குக்கு நோய் போக வழி இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது.

இப்போது விரிகுடாவுக்கு வருவோம். தீவின் விரிகுடாவில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன. மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்திருப்பதால் உள்ளே வந்த நீர் சீக்கிரம் வெளியே போவதில்லை. வெயிலில் சீக்கிரம் சூடாகிறது. மலைச்சரிவில் பெய்கிற மழை மண்ணையும் கழிவையும் வாரிக்கொண்டு நேரே அங்கேதான் வந்து இறங்குகிறது. காற்று அடங்கிய அழகான இடம் என்பதால் விடுதி, படகுத்துறை, வீடு எல்லாமும் அங்கேயே முளைக்கின்றன. அத்தனைக்கும் செப்டிக் டேங்க்.

ஹவாயின் ஓவாஹு தீவில் உள்ள கானியோஹே விரிகுடா இதற்குப் பாடப்புத்தகம் போன்ற இடம். பல ஆண்டுகளாக அதன் தெற்குப் பகுதியில் ஊர்க் கழிவுநீர் விடப்பட்டது. பச்சைக் குமிழ் போன்ற ஒரு பாசி பெருகிப் பவளத்தை மூடியது. 1977, 1978-இல் கழிவுநீர்க் குழாய்களை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். அதற்கு முன்னும் பின்னும் இயற்கையே ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியது. 1965-இல் பெருமழை வெள்ளம் விரிகுடாவில் நன்னீரைக் கொட்டி ஆழம் குறைந்த பவளங்களைக் கொன்றது. கழிவு கலந்த அந்த நீரில் பவளம் திரும்பத் தலையெடுக்கவே முடியவில்லை. 1987-ஆம் ஆண்டின் கடைசியில் அதேபோல் இன்னொரு வெள்ளம் வந்து பவளங்களைக் கொன்றது. இந்த முறை சில ஆண்டுகளில் அவை மீண்டுவிட்டன. விரிகுடாவும் அதே, வெள்ளமும் அதே மாதிரி. கழிவுநீர் மட்டும் இல்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிக நேரடியான பதில் இந்தக் கானியோஹே கதைதான். வெள்ளத்தையோ வெயிலையோ நாம் தடுக்க முடியாமல் போகலாம், அடி வாங்கிய பிறகு பவளம் எழுமா என்பதை நிலத்திலிருந்து வரும் நீர் பெருமளவு தீர்மானிக்கிறது.

ஃபுளோரிடாவில் இதைத் திட்டமிட்டே சோதித்தார்கள். பாறையின் சில கட்டங்களில் மட்டும் மூன்று ஆண்டுகள் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டார்கள். அங்கே நோய் இரண்டு மடங்கானது, வெளிறல் மூன்றரை மடங்கானது. உரத்தை நிறுத்திய பத்தாவது மாதம் பார்த்தபோது அந்தக் கட்டங்களுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. 2014-இல் வெளியான இந்த முடிவின் கடைசிப் பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

வர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜான் தீவின் விரிகுடாக்களில் சிக்கல் கழிவுநீரோடு நிற்கவில்லை. செங்குத்துச் சரிவில் தார் போடாமல் வெட்டிய மண் சாலைகள், ஒவ்வொரு மழைக்கும் சேறாகக் கடலில் இறங்கின. சேறு ஒளியை மறைக்கிறது, பவளத்தின் மேல் படிகிறது. பவளம் அதைச் சளி சுரந்து தள்ளியே களைத்துப்போகிறது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் துறைமுகத்துக்காகத் தூர்வாரியபோதும் சேறு மிதந்த பகுதிகளில் பவள நோய் சுமார் இரண்டு மடங்கு இருந்ததாகக் கணக்கெடுத்தார்கள்.

ஜமைக்காவின் டிஸ்கவரி விரிகுடாவில் கதை வேறு வழியில் போனது. அங்கே பல தலைமுறை மீன்பிடிப்பில் பாசி மேயும் மீன்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டன. அந்த வேலையைக் கறுப்பு நிற நீள்முள் கடல் முள்ளெலி செய்துகொண்டிருந்தது. 1980-இல் ஆலன் புயல் பவளங்களை நொறுக்கியது. 1983-இல் கடல் முள்ளெலிகளுக்கு ஏதோ கொள்ளைநோய் வந்து, கரீபியன் முழுதும் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செத்தன. பாசியை மேய ஆள் இல்லை. பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. 2022-இல் அந்த முள்ளெலிகள் மறுபடி கூட்டமாகச் செத்தபோது, அந்தச் சாவுக்குக் காரணம் நுண்மயிர் போன்ற இழைகள் கொண்ட ஓர் ஒற்றைச் செல் உயிரி என்று பிடிபட்டது.

மருந்து உண்டா என்றால், ஒரு வகையில் உண்டு. 2014-இல் மயாமி அருகே கல் பவளத் திசு இழப்பு நோய் என்ற ஒன்று தலைகாட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட பவள இனங்களைப் பிடிக்கிறது, பெரிய மூளைப் பவளத்தைக்கூடச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மொட்டையாக்கிவிடுகிறது. மெக்சிகோ, ஜமைக்கா என்று பரவி 2019-இல் வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸை எட்டியது. கிருமி இன்னதென்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற அமாக்சிசிலினைப் பசையில் குழைத்து நோய் விளிம்பில் பூசினால், அந்த இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நீரில் மூழ்கும் வீரர்கள் ஒவ்வொரு பவளமாகப் போய்ப் பூச வேண்டும். அதே பவளத்தில் வேறோர் இடத்தில் புதுப் புண் வருவதை அது தடுப்பதில்லை. கடலில் ஆண்டிபயாடிக் கலப்பது எனக்கு உவப்பாக இல்லை, நூற்றாண்டு வயதான பவளங்களைக் காக்கும் கடைசி முயற்சியாக மட்டும் ஏற்கலாம். நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பூசும் ஆய்வும் நடக்கிறது, அதில்தான் எனக்கு நம்பிக்கை. அட்லாண்டிக் பக்கத்து நோய் இது. உங்கள் மாணவர்கள் ராமநாதபுரம் கரையில் பார்த்தது இதுவாக இருக்காது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளை 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும்கூடப் பல காலம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தார்கள். தேய்ந்து தேய்ந்து, இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது வெளிறல் அநேகமாக ஆண்டுதோறும் வருகிறது, தென்மேற்குக் காற்றில் நீர் குளிர்ந்ததும் பெரும்பகுதி மீள்கிறது. மீளாத ஆண்டுகளும் உண்டு. 2016-இல் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையே உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது என்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. கருப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை நோய்களும் மன்னாரிலும் பாக் விரிகுடாவிலும் பதிவாகியிருக்கின்றன.

கானியோஹேயோடு நமக்கு வேறொரு ஒற்றுமையும் இருக்கிறது. 1970-களில் அங்கே வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி பவளத்தின் மேல் படர்ந்தது. அதே பாசியை நாமும் வளர்ப்புக்குக் கொண்டுவந்தோம். 2008-இல் அது மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளத்தின் மேல் ஏறியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்னொருவர் பட்ட பாட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள முப்பது ஆண்டு அவகாசம் நமக்கு இருந்தது.

நம் பாலாறு வாயலூரில் கடலைத் தொடுகிறது. அங்கே பவளம் கிடையாது. மணலும் கலங்கலும் ஆற்று நன்னீரும் சேர்ந்த கரையில் அது வளராது. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கழிவு எந்தப் பவளத்தையும் கொல்லவில்லை. கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. ஆனால் அந்தக் கேட்டிலிருந்து பிறந்த ஒரு தீர்ப்பு பவளத்துக்கும் பொருந்தும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. கேடு மீட்க முடியாததாக இருக்கும்போது, அறிவியல் முழு உறுதி தரவில்லை என்பதைக் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும், கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்பதும் அதன் சாரம். பவள நோயில் கிருமியின் பெயர் தெரிய இருபது ஆண்டு ஆகலாம். கழிவுநீரைத் திருப்பவும், சரிவுச் சாலைக்குத் தார் போடவும், தூர்வாருவதை வெப்ப மாதங்களில் நிறுத்தவும் அந்தப் பெயர் தேவையில்லை. கடலே இல்லாத ஊர் என்கிறீர்கள். கடற்கரை வழக்குகளிலும் எடுத்துக்காட்டப்படும் சட்டம் இந்த ஊர்ப் பெயரில்தான் இருக்கிறது.

வெயிலுக்குப் பூசும் கிரீமைப் பற்றிய கூச்சல் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன் கலந்தவற்றை விற்கத் தடை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் செப்டிக் டேங்கைத் தொடாமல் கிரீமை மட்டும் தடை செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிற ஊர்களும் உண்டு. அதைவிடப் பிளாஸ்டிக்கைப் பேசலாம். ஆசிய, பசிபிக் பகுதியில் 1,24,000 பவளங்களைப் பார்த்த ஆய்வில், பிளாஸ்டிக் சிக்கிய பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமானது. கடற்புல் வெளிகளைக் காப்பதும் பலன் தரும். இந்தோனேசியாவில் கடற்புல்லை ஒட்டிய பவளத்தில் நோய் பாதியாக இருந்தது, நோய்க் கிருமிகளும் அங்கே குறைவு. பாக் விரிகுடாவில் நமக்குக் கடற்புல்லுக்குக் குறைவில்லை. அடிமடி இழுக்கும் விசைப்படகுகள் அதை உழுதுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த ஆண்டு மாணவர்களை அழைத்துப் போவதானால் மே மாதத்தை விட்டு, ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். கலங்கல் குறைவு. அந்த மாதங்களில் வெப்பத்தால் வெளிறுவது அரிது என்பதால், அப்போதும் வெள்ளைத் திட்டு இருந்தால் நோயோ மேய்ச்சலோ என்று சந்தேகிக்க இடமுண்டு. தேதி, இடம், ஏறத்தாழ ஆழம், வெண்மையின் ஓரம் மங்கலா கூரா என்பதை மாணவர்களைக் குறித்துவைக்கச் சொல்லிப் படத்தோடு வனத்துறைக்கு அனுப்புங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பள்ளிக் கண்காட்சிக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டாம். 2001 முதல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டானாலும் வழக்குத்தான்.